நெய்யாக் கம்பளி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல அதியமான் பற்றியோ தகடூர் நடுகற்கள் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகள் வீட்டோடு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இக்கட்டுரை.

எங்கள் குடியிருப்பின் மன்றக் கூடத்தில் நான்கு சனிக்கிழமைகள் ஒரு கைவினைப் பயிற்சி நடந்தது. ஆட்டு உரோமத்தைக் கொண்டு பொம்மை, பூ, பை எல்லாம் செய்யும் ஃபெல்ட் பயிற்சி. ஒன்பது வயதுப் பேத்தி சேர ஆசைப்பட்டாள். கூரான ஊசி உண்டு என்பதால் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்றார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் சனிக்கிழமையும் வேலை. ஆக நான் போனேன். முதல் நாள் வகுப்பு முடிந்து லிஃப்டில் ஏறும்போதுதான் அவள் கேட்டாள்:

"ஆயா, ஃபெல்ட்டுக்குத் தமிழ்ல என்ன?"

(எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே சிலர் அதைக் கேட்டு என்னை வேலைக்கு வந்தவள் என்று எண்ணியதும் உண்டு! மகள் "பாட்டின்னு சொல்லு" என்று பலமுறை திருத்தியும் குழந்தை மாறவில்லை.)

எனக்குப் பதில் தெரியவில்லை. அகராதிகளைப் புரட்டினேன். விளக்கம் கிடைத்தது. வீட்டில் நாக்கில் புரளும் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பொருளுக்குச் சொல் இல்லை என்றால் அந்தப் பொருள் நம்மிடம் இல்லை என்று பொருளா? இருந்தும் மறந்துவிட்டோமா? வரலாற்று ஆசிரியைக்கு இதைவிட நல்ல கேள்வி வேறென்ன வேண்டும்?

நான் செய்த முதல் ஃபெல்ட்

ஃபெல்ட் என்பது நெய்யாமல், பின்னாமல், உரோமத்தை உரோமத்தோடு சிக்கவைத்தே செய்யும் துணி. தறி வேண்டாம், நூல் வேண்டாம். வகுப்பில் ஆசிரியைப் பெண் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கலையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் செய்து, அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்!

கல்யாணமாகி வந்த புதிது. மாமனாரின் கம்பளிச் சட்டை அழுக்காக இருக்கிறதே என்று, கொதிக்கும் வெந்நீரில் சவர்க்காரத்தைக் கரைத்து ஊறவைத்து, கல்லில் நன்றாகக் கசக்கித் துவைத்துப் போட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் சட்டை பாதியாகச் சுருங்கி, அட்டைபோலத் தடித்துக் கிடக்கிறது. மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதம்மா, இனிமே இதை உம் புள்ளைக்குத்தான் போடணும்" என்றார். பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.

வெந்நீர், சவர்க்காரம், கசக்கல். இந்த மூன்றையும் கம்பளிக்கு ஆகாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். கம்பளியையும் பட்டையும் பூந்திக்கொட்டை நுரையில் பச்சைத் தண்ணீரில் அலசுவதே வழக்கம். அந்தப் பெண்கள் எதைச் செய்யாதே என்றார்களோ அதையே ஒழுங்காக, அளவறிந்து செய்தால் ஃபெல்ட். விலக்கு தெரிந்தவர்களுக்கு விதியும் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்?

உரோமத்தின் உள்ளே என்ன நடக்கிறது?

ஆட்டு உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் அதே பொருள்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு உரோமத்தின் மேலும் மீன் செதிலைப்போல, ஓடு வேய்ந்த கூரையைப்போலச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். செதில்களின் நுனி எல்லாம் உரோமத்தின் முனை நோக்கியே இருக்கும். ஆகவே ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உராயும். ஈரமும் சூடும் பட்டால் உரோமம் நெகிழ்ந்து செதில்கள் சற்றே விரியும். சவர்க்காரத்தின் காரம் அதற்குத் துணை செய்யும். அந்த நிலையில் அழுத்தி உருட்டினால் ஒவ்வொரு உரோமமும் ஒரே திசையில் மட்டும் நகர்ந்து நகர்ந்து மற்றவற்றோடு சிக்கிக்கொள்கிறது. திரும்பிவர வழியில்லை. அதனால்தான் சுருங்கிய சட்டையை யாராலும் மீண்டும் விரிக்க முடிவதில்லை.

பருத்திக்கும் அக்ரிலிக் நூலுக்கும் இந்தச் செதில் கிடையாது. ஆகவே அவை வெந்நீரில் இப்படி ஒட்டுவதில்லை. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டு ஒட்டி வரும் கம்பளி உடைகளில் செதில்களை மழுக்கியோ மேலே பூச்சுப் பூசியோ விட்டிருப்பார்கள். அவையும் ஃபெல்ட் ஆகா.

நாங்கள் கற்ற நான்கு முறைகள்

வீட்டில் பிள்ளைகளோடு செய்ய விரும்புவோருக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஈர முறை. சிக்கெடுத்த உரோமத்தை மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் பரப்ப வேண்டும். மூன்று நான்கு அடுக்கு ஆனதும் சவர்க்காரம் கரைத்த வெந்நீரைத் தெளித்து, மேலே வலைத்துணி போட்டு, முதலில் பூப்போலத் தடவ வேண்டும். அவசரப்பட்டால் அடுக்கு விலகிவிடும். ஒட்டியதும் மூங்கில் பாயில் சுருட்டி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். திசை மாற்றி மாற்றி உருட்டினால்தான் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே தொடங்க வேண்டும். சப்பாத்தி உருட்டிய கைகளுக்கு இது எளிது.

இரண்டாவது, ஊசி முறை. இதில் தண்ணீரே இல்லை. முக்கோண முனையுள்ள ஊசியின் விளிம்புகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள் இருக்கும். நுரைப்பஞ்சுத் திண்டின்மேல் உரோமத்தை வைத்துக் குத்தக் குத்த, அந்த வெட்டுகள் இழைகளை உள்ளே இழுத்துச் சிக்கவைக்கின்றன. ஊசிகளுக்கு எண் உண்டு: 36 பருமன், 40 மெல்லியது. உருவம் பிடிக்கப் பருமன், மேல்பூச்சுக்கு மெல்லியது. குத்திய வழியிலேயே நேராக எடுக்க வேண்டும், சாய்த்தால் முறிந்துவிடும். என் விரலில் மூன்று முறை ஏறியது. பேத்தி ஒருமுறைகூடக் குத்திக்கொள்ளவில்லை.

மூன்றாவது, நுனோ முறை. ஜப்பானிய மொழியில் நுனோ என்றால் துணி. மெல்லிய பட்டு அல்லது மல் துணியின் மேல் உரோமத்தைப் பரப்பி ஈர முறையில் உருட்டினால், உரோமம் துணியின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். உரோமம் சுருங்கும்போது துணியும் அழகாகக் கொசுவிக்கொள்ளும். காஞ்சிப் பட்டின் நெருக்கமான நெசவில் உரோமம் எளிதில் புகாது. பழைய மல் தாவணி போதும்.

நான்காவது, பின்னியதையோ நெய்ததையோ வெந்நீரில் வேண்டுமென்றே சுருங்கவைப்பது. மாமனார் சட்டைக்கு நான் செய்தது! பழைய தூய கம்பளி ஸ்வெட்டரை இப்படிச் சுருக்கி வெட்டினால் ஓரம் பிரியாது. பணப்பை, பாத்திரம் பிடிக்கும் துணி எல்லாம் தைக்கலாம்.

ஊசி முறை தொழிற்சாலையிலிருந்து வந்தது. விரிப்புகளையும் மெத்தை உறைகளையும் ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திச் செய்யும் இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. அந்த ஊசியைத் தனியே கையில் எடுத்துக் கைவினை ஆக்கியவர்கள் அமெரிக்காவின் எலினார் ஸ்டான்வுட், டேவிட் ஸ்டான்வுட் இணையர். 1980களில் இது நடந்தது. நுனோ முறையை 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங், சச்சிகோ கோட்டகா ஆகியோர் உருவாக்கினார்கள். ஈர முறையோ வரலாற்றுக்கும் முந்தையது.

பனிக்குள் கிடைத்த அன்னம்

சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்தில் பழங்குடித் தலைவர்களின் கல்லறைகள் உள்ளன. காலம் ஏறத்தாழ கி.மு. 5 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை. கல்லறைக்குள் கசிந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டதால் துணியும் தோலும் மரமும் அழியாமல் கிடைத்தன. செர்கே ருடென்கோ 1947 முதல் 1949 வரை நடத்திய அகழாய்வில் ஃபெல்ட்டால் செய்த அன்னப் பறவைகளும், ஏறக்குறைய 4.5 மீட்டருக்கு 6.5 மீட்டர் அளவுள்ள ஃபெல்ட் திரைச்சீலையும் வெளிப்பட்டன. திரைச்சீலையில் அமர்ந்திருக்கும் தெய்வப் பெண்ணும் எதிரே குதிரை வீரனும் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். இன்று அவை புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பேத்தி வகுப்பில் செய்ததும் ஒரு அன்னம்தான். இடையில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு!

மங்கோலியரின் கூடாரம் முழுக்க ஃபெல்ட் போர்த்தியது. மரம் அரிதான, குளிரும் காற்றும் மிகுந்த புல்வெளியில், ஆட்டோடு இடம்பெயரும் மக்களுக்குச் சுவரும் கூரையும் ஆட்டின் முதுகிலிருந்தே கிடைத்தன. கிர்கிஸ்தானின் ஃபெல்ட் விரிப்புக் கலையை யுனெஸ்கோ 2012இல் உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபாகவும், மங்கோலியக் கூடாரக் கலையை 2013இல் மானுட மரபுச் செல்வமாகவும் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் இதற்குப் பெயர் நம்தா. காஷ்மீரிலும், ராஜஸ்தானத்தின் டோங்கிலும், குஜராத்தின் கட்சிலும் இது மரபுத் தொழில். உரோமத்தை வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, பாயில் பரப்பி, சவர்க்கார நீர் தெளித்து, சுருட்டி, காலாலும் கையாலும் உருட்டுவார்கள். அக்பரின் குதிரைக்குக் குளிர் தாங்கப் போர்வை செய்துகொடுத்த நுபி என்பவரால் பெயர் வந்தது என்று காஷ்மீரில் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே கொள்வோம்.

இக்கலைக்கு ஒரு துயரப் பக்கமும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பி செய்தவர்கள் முயல், பீவர் ஆகியவற்றின் மென்மயிரைச் சிக்கவைக்கப் பாதரச உப்பைப் பூசினார்கள். அந்த ஆவியை ஆண்டுக்கணக்கில் முகர்ந்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்கலக்கமும் வந்தன. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது 1941இல்தான். துரைமார் தலையில் கம்பீரமாக இருந்த தொப்பிக்குள் எத்தனை பேரின் நடுக்கம் இருந்ததோ!

நம்மிடம் ஏன் சொல் இல்லை?

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருவோம். ஆடு தமிழருக்குப் புதியதா? தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் சொல்கிறது. முல்லைத் திணை முழுவதும் ஆடும் மாடும்தான். ஆனால் சங்கப் பாடல்களில் மழையில் நிற்கும் இடையன் முதுகில் போட்டிருப்பது ஓலையால் பின்னிய பறி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் காருகர் பட்டு, பருத்தியோடு மயிராலும் துணி செய்தார்கள் என்று வருகிறது. அது எலிமயிர் என்று உரையாசிரியர் பொருள் கொள்வர். எப்படியாயினும் உரோம நெசவை அவர்கள் அறிந்திருந்தார்கள். (மயிர் என்பது எவ்வளவு நல்ல சொல்! இன்று அதை வசையாக்கிவிட்டோம். வகுப்பில் நான் அச்சொல்லைச் சொன்னதும் பக்கத்து மேசைத் தமிழ்ப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.)

விடை ஆட்டின் முதுகில்தான் இருக்கிறது. தமிழகச் சமவெளியின் பெரும்பாலான செம்மறிகள், அதாவது மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு ஆகியவை கம்பளி தராத, குட்டை முடி உள்ள இனங்கள். வெயில் நாட்டில் ஆட்டுக்கே கம்பளி வேண்டாமே, மனிதனுக்கு எதற்கு? கம்பளி தருபவை மூன்றே: மென்மையான உரோமமுள்ள நீலகிரி ஆடு, முரட்டு உரோமமுள்ள கோயம்புத்தூர் ஆடு, திருச்சிக் கறுப்பு ஆடு. இவற்றில் பின்னிரண்டுக்கும் மக்கள் வழங்கும் பெயரைக் கவனியுங்கள். ஒன்று குரும்பை, மற்றது கருங்குரும்பை. ஆட்டின் பெயருக்குள்ளேயே அதை வளர்த்து, அதன் உரோமத்தை நெய்த மக்களின் பெயர் ஒலிக்கிறது. அவர்கள்தான் குறும்பர்.

குறும்பர் கம்பளி

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குறும்பரும், கர்நாடகத்துக் குருபரும் ஆடு வளர்த்துக் கம்பளி நெய்த மக்கள். (நீலகிரிக் காட்டில் வாழும் குறும்பர் வேறு.) 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் குருபரின் ஆடுகளையும் கம்பளி நெசவையும் குறித்திருக்கிறார். கன்னட நாட்டின் பெருங்கவி கனகதாசர் குருபர் குலத்தில் தோன்றியவர். படங்களில் அவர் தோளில் கம்பளி இருக்கும். மைலாரலிங்கனின் அடியாரான கொரவர்கள் இன்றும் கறுப்புக் கம்பளி அங்கி அணிந்துதான் ஆடுகிறார்கள். சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே கம்பளிக்குப் பேர்போன ஊர்.

ஆண்டுக்கு இருமுறை ஆட்டைக் குளத்தில் குளிப்பாட்டி உரோமம் கத்தரிப்பார்கள். வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். பெண்கள் ராட்டையில் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி பூசி விறைப்பாக்கிக் குழித்தறியில் ஆண்கள் நெய்வார்கள். சாயம் கிடையாது. ஆட்டின் கறுப்பே கம்பளியின் கறுப்பு. உரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அதனால்தான் மழையில் தலையில் கொங்காணி போட, வெயிலில் விரிக்க, குளிரில் போர்த்த, பிணமாகும்வரை ஒரு கம்பளி போதுமாக இருந்தது.

எங்கள் தாத்தாவுக்கும் அப்படி ஒரு கம்பளி இருந்தது. இராயக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போட வரும் குறும்பர் பெரியவர் ஒருவரிடம், இரண்டு மூட்டைக் கேழ்வரகு கொடுத்து வாங்கியது என்று அம்மா சொல்வார். தாத்தா போன பிறகு அப்பாவிடம், அப்பாவுக்குப் பிறகு என்னிடம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வரும்போது இரும்புப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். பரண் இல்லாத வீட்டில் அதைக் கட்டிலுக்கு அடியில்தான் வைக்க முடிந்தது.

கட்டிலுக்கு அடியில் வந்த சண்டை

சென்ற நவராத்திரிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது மகள் பெட்டியைத் திறந்தாள். கம்பளியில் பூச்சி விழுந்து எட்டு ஒன்பது இடத்தில் ஓட்டை. "அம்மா, இது அலமாரிக்கெல்லாம் பரவிடும்மா. பட்டுப் புடவை எல்லாம் போயிடும். தூக்கிப் போட்டுரலாம்" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. அந்துப்பூச்சியின் புழு விலங்குப் புரத இழைகளைத் தின்னும். கம்பளிக்கும் பட்டுக்கும் அதனால் ஆபத்து உண்டு. "ஆயுதபூஜை வரைக்கும் விடு" என்றேன். வேறு வாதம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் வகுப்பில் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. ஊசி முறையில் கம்பளித் துணியின் ஓட்டைகளை அடைக்கலாம். பெட்டியில் வந்த உரோமத்தை எடுத்துப் பார்த்தேன். பனிபோல வெள்ளை, குங்குமச் சிவப்பு, வானநீலம். எல்லாம் வெளிநாட்டு மெரினோ. அருமையான உரோமம்தான். ஆனால் தாத்தாவின் கம்பளியில் அதை வைத்தால் கரிசல் நிலத்தில் சுண்ணாம்பு சிந்தியதுபோல இருந்தது.

அந்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். போனவள் அப்படியே குறும்பர் பெரியவரின் பேரனைத் தேடிப் போனேன். அவருக்கும் இப்போது அறுபது வயது. என்னிடம் படித்த பையனின் தகப்பனார். ஆடு இன்னும் இருக்கிறது. தறி இருந்த குழியை மூடி அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்.

"ஆட்டு மயிர் கொஞ்சம் வேணும். என்ன விலைங்க?" என்றேன்.

"விலையா? கத்தரிக்கிற கூலிக்கே கட்டலீங்க டீச்சர். வெட்டி வேலி ஓரமாப் போட்டுடறோம். குப்பைக்குப் போறதுக்குக் காசு வாங்குவாங்களா?" என்று சொல்லி ஒரு சாக்கு நிறையத் திணித்துக் கொடுத்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்குங்க டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன். பதில் சொல்லாமல் எழுந்து போய், உள்ளேயிருந்து தன் தாத்தாவின் பஞ்சடிக்கும் வில்லை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். நரம்பு அறுந்திருந்தது.

இது அவர் ஒருவரின் கதை அல்ல. தக்காணம் முழுவதும் இதே நிலைதான். மலிவான அக்ரிலிக் போர்வை வந்தது. இறைச்சி விலை ஏறியது. அதிக எடை தரும், உரோமம் இல்லாத நெல்லூர் இனக் கிடாக்களை விட்டுக் கலப்பினமாக்கியதில் தக்காணத்துக் கறுப்பு உரோம ஆடுகளே குறைந்தன. முரட்டு உரோமத்துக்கு ஆலையில் இடமில்லை. மெல்லிய உரோமத்தை நாம் ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி செய்கிறோம். ஒரு பக்கம் வேலியோரக் குப்பை, மறுபக்கம் கப்பலில் வரும் சரக்கு.

இந்த ஊரும் கம்பளி ஊர்தான்

பெங்களூரை நாம் கணினி ஊர் என்கிறோம். ஆனால் இந்நகரின் பழைய பெரிய ஆலைகளில் ஒன்றின் பெயரிலேயே கம்பளி இருந்தது. 1884இல் தொடங்கி, பின்னர் பின்னி நிர்வாகத்துக்கு வந்த பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை அது. அதில் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகளும் அங்காடி வளாகமும் நிற்கின்றன. நாம் குடியிருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியோ, ஆர்.கே. பாலிகா கண்ட கனவால் 1970களின் இறுதியில் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களின் 332 ஏக்கரில் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதற்கு முன் இது வயலும் மேய்ச்சலும். இன்றும் சந்தாபுரா பக்கம் காலி மனைகளில் செம்மறி மேய்வதைப் பார்க்கிறேன். மேலே மெட்ரோ ஓடுகிறது, கீழே ஆடு மேய்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக் கொடுத்துவைத்த தலைமுறை நாம்!

புலம்பெயர்ந்து வந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ஓசூருக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. குறும்பருக்கும் குருபருக்கும் நடுவே இந்தக் கோடு எப்போதும் இருந்ததில்லை. அவர்களின் ஆடு எந்த மொழிப் புல்லையும் தின்றது. எங்கள் வகுப்பு ஆசிரியை கன்னடப் பெண். சாக்கிலிருந்த கறுப்பு உரோமத்தைப் பார்த்ததும், "இது நம்ம கம்பளி குரி!" என்று முகம் மலர்ந்தார். கம்பளி என்ற சொல்லுக்கு எங்களுக்குள் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஓட்டை அடைந்தது

முதலில் கம்பளியை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுத் தட்டினோம். பச்சைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். சாக்கு உரோமத்தைப் பூந்திக்கொட்டை நீரில் நான்கு முறை அலசினோம். முள்ளும் புழுக்கையுமாக மூன்று தண்ணீர் கறுத்தது. காய்ந்ததும் நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பு இரண்டை வாங்கிச் சிக்கெடுத்தோம். பிறகு ஓட்டையின் அடியில் திண்டை வைத்து, உரோமத்தைப் பரப்பி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் குத்தினோம். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப்போட்டு மறுபக்கம். முரட்டு உரோமம் மெரினோவைப்போலச் சீக்கிரம் பிடிப்பதில்லை. ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு ஊசி முறிந்தது.

ஐந்தாவது ஓட்டையின்போது, இரவு வேலை முடித்து வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "குடும்மா, கை வலிக்கும்" என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். கடைசி மூன்று ஓட்டைகளையும் அடைத்தவள் அவள்தான்.

தொட்டுப் பார்த்தால் அடைத்த இடம் தெரியும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால் அந்தக் கம்பளியையே தரையில் விரித்து, அதன்மேல் பேத்தி செய்த கறுப்பு ஆடுகள் ஏழையும் நிறுத்தினோம். வந்தவர்களிடமெல்லாம் அவள் விளக்கம் சொன்னாள். கம்பளி எது, குரும்பை எது, ஓட்டை எது என்று காட்டினாள். ஒருவர் ஆட்டுப் பொம்மையைக் கையில் எடுத்து, "இது எதால செஞ்சது?" என்று கேட்டார்.

"நெய்யாத கம்பளி" என்றாள்.

நான் அகராதியில் தேடிய சொல் அதுதான். நெய்யாக் கம்பளி. புலவர் குழு கூடி ஏற்குமோ என்னவோ, எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வீட்டுப் பரணிலும் ஒரு கம்பளி இருக்கக்கூடும். அடுத்த முறை போகும்போது அதை வெயிலில் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பெட்டியில் வரும் வண்ண உரோமம் வாங்கிக் கொடுங்கள், அதுவும் நல்லதே. கூடவே ஒரு பிடி நாட்டு ஆட்டு உரோமமும் கையில் கொடுங்கள். அதற்குக் காசும் கொடுத்து வாங்குங்கள். இந்த ஆண்டும் எனக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இம்முறை விலை பேசாமல் வாங்கப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வில்லுக்கு நரம்பு கட்டியாகிவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது.